பதினொரு மணிக்குத் தட்டியது என் கை இல்லை

என் எழுத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை. அந்த மட்டில் நல்லது. வரியின் தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும், போகப் போகச் சின்னதாகி, கடைசிச் சொல்லை நானே கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டும். இதுவும் எனக்கு வந்திருக்கிற நோயின் வேலைதானாம். என் மகள் சுதாதான் எழுத்துக்கூட்டிப் படித்து வேறு கொப்பியில் எழுதுகிறாள். நடுநடுவே, "அம்மா, இவ்வளவு திட்டணுமா?" என்று கேட்கிறாள். உன்னை யாரும் கேட்கவில்லை, இருப்பதை எழுது, என்று சொல்லியிருக்கிறேன்.

எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் மாத்திரை எடுக்கிறேன், அந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இன்னும் குடியிருக்கிறேன். பசறைக்கு மேலே ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலது கைப் பெருவிரலில்தான் தொடங்கியது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஒன்றும் தெரியாது. தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்து கையை மடியில் வைத்தால் விரல் தானாக ஆடும், பீடி சுற்றுகிற மாதிரி. பிறகு பறிப்பதும் மெதுவானது. மூளை இரண்டு இலை ஒரு மொட்டு என்று சொல்லும், கை அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும். முகமும் விறைத்துப்போனது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, "என்னா பரமு, காலங்காத்தால யாரோட சண்ட?" என்பார்கள். நான் யாரோடும் சண்டை போட்டிருக்க மாட்டேன். முகம் அப்படி நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

தோட்டத்து மருந்துக்காரர் விட்டமின் கொடுத்தார். இரண்டாம் முறையும் விட்டமின். மூன்றாம் முறை, "வேலைக்குக் கள்ளம் பண்ணுறியா?" என்று கேட்டார். முப்பத்தொரு வருசம் மலை ஏறியவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அவர் மேசையில் இருந்த விட்டமின் போத்தலை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை பசறையில் முதல் பஸ்சைப் பிடித்துப் பெரிய கிளினிக்குக்குப் போனேன். நம்பர் எடுத்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பகல் சோற்றுப் பார்சலையும் அதே வாங்கில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் இரத்தம் எடுத்தார்கள். இரண்டாவது தடவை தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்றதும் சுதா சாமியைக் கும்பிட்டாள். பிறகுதான் தெரிந்தது, இந்த நோய் ஸ்கேனில் தெரியாதாம், வேறு கட்டி கிட்டி இல்லை என்று பார்க்கத்தான் அது. மூன்றாவது தடவை வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கையை மூடித் திறக்கச் சொன்னார். நடக்கச் சொன்னார். பின்னால் வந்து நின்று திடீரென்று தோளைப் பிடித்து இழுத்தார். நான் விழப்போனேன்.

"என்னாங்க இது!" என்று கத்திவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, அதுவும் ஒரு டெஸ்ட்தான்" என்றார். பிறகு சொன்னார்: "இது பார்க்கின்சன் எண்டு சொல்லுற வருத்தம். மூளைக்குள்ளை டோபமின் எண்டொரு சாமான் சுரக்கிறது. உடம்பை அசைக்க அதுதான் வேணும். உங்களுக்கு அது குறைஞ்சுகொண்டு போகுது. மாத்திரையாலை ஈடு கட்டலாம். முழுசாச் சுகப்படுத்த ஏலாது."

அந்த "ஏலாது"வை அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கடிதம். இவளை மலைக்கு அனுப்பாதீர்கள், சமமான இடத்தில் வேலை கொடுங்கள் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம். அது இருந்தால் நாற்றுமேடையில் போடுவார்கள். குந்தியிருந்து பையில் மண் நிரப்பும் வேலை. கடிதம் இல்லாமல் மலை ஏற முடியாது என்று சொன்னால் பேரை வெட்டிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம். சுதா எல்ல டவுனில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதியொன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். தோட்டத்துப் புத்தகத்தில் எங்கள் வீட்டிலிருந்து இருப்பது என் பேர் மட்டும்தான். அது போனால் நாங்கள் இருக்கிற லயத்துக் காம்பரா அறையையும் திருப்பிக் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள், பக்கத்து லயத்தில்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். "கடிதம் குடுக்க முதல், மருந்துக்கு உடம்பு எப்பிடி இருக்குதெண்டு பாக்கவேணும். ஆறு கிழமை" என்று சொல்லி, மேசை லாச்சியைத் திறந்து ஒரு போனை எடுத்து வைத்தார். நான் நடுங்குகிறேன் என்று போனால், நடுங்குகிற கையில் போன் தருகிறார்!

எனக்கு விளங்கின மட்டும் சொல்கிறேன். போனுக்குள் அசைவை அறிகிற ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதைக் கையில் பிடித்தால் கை எப்படி ஆடுகிறது என்று எழுதிக்கொள்ளும். இடுப்பில் கட்டி நடந்தால் நடையை எழுதிக்கொள்ளும். திரையில் இரண்டு வட்டம் வரும், இரண்டு விரலால் மாறி மாறி முப்பது செக்கன் தட்ட வேண்டும், எத்தனை தரம் என்று எண்ணும். கிளினிக் மாசக்கணக்கில் ஒரு தடவைதான். நடுவில் ஆள் எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் அங்கிருந்தே பார்க்கலாமாம். ஒரு நாளைக்கு நாலு முறை இதைச் செய்ய வேண்டும். அதில் பதினொரு மணிதான் முக்கியம் என்றார். காலை ஆறுக்குப் போட்ட மாத்திரையின் பலம் இறங்குகிற நேரம் அது, அடுத்தது பன்னிரண்டுக்கு. அந்த இடைவெளியில் நான் எவ்வளவு விழுந்துபோகிறேன் என்று தெரிந்தால்தான் மருந்தைக் கூட்டலாம், கடிதமும் எழுதலாம்.

போனுக்குள் ஒரு பெண் பேசுவாள். "தயவுசெய்து இருபது அடிகள் இயல்பாக நேராக நடக்கவும்" என்பாள். எங்கள் மலையில் இருபது அடி நேராக நடந்தால் வடிகால் கானுக்குள்தான் போய் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணை ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு மேலே ஏற்றிவிட்டு, இயல்பாக நடடி பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு ஆசை. நடைக்கு மட்டும் காலையிலும் அந்தியிலும் லயத்து வாசலில் நடந்து காட்டினேன். பதினொரு மணிக்கு மலையில் தட்டுவதோடு சரி.

இப்போது லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருசமாக என் பக்கத்து நிரையில் பறிக்கிறவள். எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. இத்தனை கிலோ எடுத்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு ஏழு மாசம் என்றால், இரண்டு பக்கத்து நிரைக்காரிகளும் போகிற போக்கில் அவள் கூடையில் ஒரு கைப்பிடி போட்டுவிட்டுப் போவார்கள். போட்டேன் என்று சொல்வதும் இல்லை, நன்றி என்று கேட்பதும் இல்லை. நிறுவையில் எல்லாருக்கும் முழுப்பேர் விழுந்தால் சரி. என் கை மெதுவான நாளிலிருந்து லெட்சுமி என் கூடையில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

போன் வந்த முதல் கிழமை, பதினொரு மணிக்கு அது கூவியது. குந்தி உட்கார்ந்து தட்டினேன். விரல் ஒட்டிக்கொண்டது. முப்பத்தெட்டு என்று காட்டியது. லெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"என்னாடி, இவ்வளவுதானா? காலையில எவ்வளவு?"

"எழுவது."

"அடிப்பாவி, பாதிக்குப் பாதி கொறஞ்சிருச்சே! இத பாத்தா டாக்டர் என்னா நெனப்பாரு? ஒன்னுக்கும் ஒதவாதவன்னு எழுதிப்புடுவாரு. கொண்டா இங்க."

போனை என் மடியிலிருந்து பிடுங்கி, அந்த வட்டங்களை அவள் தட்டினாள். முப்பது வருசம் கொழுந்து பறித்த விரல். நூற்றி எழுபத்திரண்டு. சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "முழுப்பேர் விழுந்துருச்சு பரமு!" என்று ஒருத்தி கத்தினாள்.

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அந்த எண்ணைப் பார்க்க எனக்கும் குளிர்ந்தது. வாழ்நாள் முழுக்கத் தராசுக்கு முன்னால் நின்றவளுக்கு, கூட வந்தால் நல்லது, குறைய வந்தால் ஏச்சு. குறைவாகக் காட்டினால்தான் எனக்கு நல்லது என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. அடுத்த நாள் பதினொரு மணிக்கு அலாரம் அடித்ததும் லெட்சுமி தானாகவே கையை நீட்டினாள். நானும் கொடுத்தேன். ஆறு கிழமையும் அப்படித்தான்.

ஆறு கிழமை கழித்து, நாற்பத்திரண்டாம் நாள், கிளினிக். டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கோடுகள் மேலே போய் மேலேயே நின்றன.

"அம்மா, வலு சந்தோசம்! பதினொரு மணிக்குத்தான் எல்லாரும் விழுறவை, நீங்கள் அந்த நேரம்தான் திறமா இருக்கிறீங்கள். இந்த மருந்தே காணும், கூட்டத் தேவையில்லை."

"கடிதம்ங்க ஐயா?"

"இதை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு எழுதுறது? ஏலாத ஆளெண்டு எழுதினால் பொய்யெல்லோ?"

என் வலது கை மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க அந்தக் கோட்டில். நானும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் லெட்சுமிக்கு என்ன ஆகுமோ என்று பயம், பொய்க்காரி என்று விரட்டிவிடுவார்களோ என்று வெட்கம். வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தேன். வழி முழுக்க எல்லாரையும் ஏசிக்கொண்டு வந்தேன், என்னையும் சேர்த்து.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மழை விட்டும் விடாமலும் தூறியது. பதினொரு மணிக்கு லெட்சுமி தட்டிக் கொடுத்தாள். போனை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் செருகிக்கொண்டு, கானைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்டவர்கள் மயக்கம் என்கிறார்கள். மயக்கமே இல்லை. தலை தெளிவாக இருக்கும், கால் மட்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உறைந்துபோவது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உடம்பு முன்னால் போனது, கால் அங்கேயே நின்றது. முதுகில் கொழுந்துக் கூடையோடு நாலு நிரை கீழே உருண்டேன். இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

படங்கை விரித்துப் போட்டு நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் பிடித்தவள் லெட்சுமி. கொழுந்து லொறியில் பசறை வரைக்கும், அங்கிருந்து ஆம்புலன்சில்.

வாட்டில் பதினோரு நாள். முறிந்த கைக்கு மாவுப் பத்துப் போட்டார்கள், அது வலிதான், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மாத்திரை நேரம். என் மாத்திரைகளையெல்லாம் நர்ஸ் மிஸ் வாங்கி வைத்துக்கொண்டார். வாட்டில் மருந்து கொடுப்பது எட்டு மணிக்கு, இரண்டு மணிக்கு, அவர்கள் வண்டி வரும்போது. என் உடம்புக்கு ஆறு, பன்னிரண்டு. ஏழு மணிக்கெல்லாம் நான் கட்டை. புரண்டு படுக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாது.

"மிஸ், மருந்த குடுங்க!"

"அம்மா கத்த வேணாம். டைம் வந்தா குடுக்குறது."

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த சிங்களத்து அம்மா, பேர் மெனிக்கே, என்னை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு எனக்காக அவள் சிங்களத்தில் போட்ட சத்தத்தில் அடுத்த வாட்டிலிருந்தும் ஆள் வந்து எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து ஆறு மணிக்கு மாத்திரை வந்தது. சுதா எல்லவிலிருந்து வேலை முடித்து இரண்டு பஸ் மாறி வந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டுப் போவாள். நல்லா சாப்பிடு என்றுகூடச் சொல்ல மாட்டாள், என் வாயைத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள்.

நாலாம் நாள் அந்த யாழ்ப்பாணத்து டாக்டர் வந்தார், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

"நீங்கள் விழுந்தது எத்தினை மணிக்கு?"

"பதினொன்னு பத்து இருக்கும்."

"பதினொண்டுக்கு நூற்றி அறுபத்தெட்டுத் தரம் தட்டியிருக்கிறீங்கள். இவ்வளவு கெதியாத் தட்டின ஆள் பத்து நிமிசத்திலை விறைச்சு நிண்டு விழுந்தவவாம்." குரல் உயர்ந்தது. "நான் எல்லாத்தையும் திரும்பப் பாத்தனான். காலமை தட்டேக்கை போன் நடுங்குது. பதினொண்டுக்கு நடுக்கமே இல்லை. இது உங்கடை கை இல்லை. ஆற்றை கை?"

வாட்டே பார்த்தது. யாருடைய கை என்று நான் சொன்னேன். கைப்பிடி போடும் வழக்கத்தையும் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மா, என்ன வேலை பாத்திருக்கிறீங்கள்! இதை நம்பித்தானே நான் மருந்தைக் கூட்டாமல் விட்டனான்!"

அப்போதுதான் எனக்குப் பொங்கியது.

"நான் ஒங்க முன்னாடிதான ஒக்காந்திருந்தேன் ஐயா? போனுதான் பொய் சொல்லுச்சு, நாங்கதான் பொய் சொல்ல வச்சோம், ஒத்துக்கிறேன். கை மடியில ஆடிக்கிட்டு இருந்துச்சே, அதுவா பொய் சொல்லுச்சு? ஒரு தடவ கீழ குனிஞ்சு பாத்திருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும்?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது ஆடுவதைப் பார்த்தார். பிறகு, "பாத்திருக்கவேணும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரைக் கொஞ்சம் மன்னித்திருக்கிறேன், முழுக்க இல்லை.

கடிதம் வேண்டுமென்றால் முதலிலிருந்து என்றார். ஏழு நாள், வாட்டிலேயே, என் கையால் மட்டும்.

அடுத்த நாள் லெட்சுமி வந்தாள். கூனிப்பாறு என்கிற பொடி இறால் போட்ட சம்பலும் ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளைக் கண்டதும் எனக்கு என்ன வந்ததோ.

"வந்துட்டியாடி? நூத்தி எழுவத்திரண்டு! கை நல்லா ஓடுச்சுல்ல? அந்தக் கைதான்டி என்னய கானுக்குள்ள தள்ளுச்சு."

"நீ கொறச்சலா வாங்கி நிக்கிறத பாக்க முடியாமதான்டி தட்டுனேன்."

"ஒன்னய யாரு தட்டச் சொன்னா? எனக்குக் கடிதம் இல்ல, நாளைக்குக் காம்பரா இல்லாம நிக்கும்போது அதுக்கும் நீயே வந்து ஒரு கைப்பிடி போடுவியா?"

ரொட்டியைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ரொட்டியை நான் தொடவில்லை. மெனிக்கே சாப்பிட்டுவிட்டு, சம்பல் அருமை என்று சைகையில் சொன்னாள். அதற்கும் எரிச்சல் வந்தது.

முதல் பதினொரு மணி. சுதா அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள், போனை எனக்குப் பிடித்துக்கொண்டாள். தட்டினேன். சுட்டுவிரல் இறங்கியது, எழும்ப யோசித்தது. நடுவிரல் பக்கத்து வட்டத்தைத் தவறவிட்டது. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சுதாவின் பெருவிரல் திரைக்குக் கிட்ட வந்ததைக் கண்டேன். அவளுக்கே தெரியாமல் வந்திருக்க வேண்டும்.

"கைய எடு!"

அழுதுகொண்டே எடுத்தாள். முப்பத்தொன்று. தராசில் இதைவிடக் கேவலமாக நான் நின்றதே கிடையாது. அந்த முப்பத்தொன்றை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு நாளும் அப்படித்தான். டாக்டர் மாத்திரையைக் கூட்டி, நேரத்தையும் பிரித்துப் போட்டார், பதினொரு மணி எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. கடைசி நாள் கடிதம் எழுதினார். இப்போது அந்தப் போன் முதலில் என் முகத்தைப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் தட்ட விடுகிறது. எங்களை நம்பவில்லை. நானும் அதை நம்பவில்லை.

தோட்டத்து ஆபீஸ் ஐயா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "பரமேஸ்வரி, நாற்றுமேடை" என்று புத்தகத்தில் எழுதினார். பேர் நிற்கிறது, காம்பரா நிற்கிறது.

லெட்சுமி ஒரு மாசத்துக்கு மேல் என் பக்கம் வரவில்லை. ஒரு நாள் மலையில் மருந்து அடிக்கிறார்கள் என்று சீக்கிரம் இறக்கிவிட்டார்களாம், நாற்றுமேடைக்கு வந்து எட்டத்தில் நின்றாள். சரியாக அப்போதுதான் போன் கூவியது. என் முகத்தைப் பார்த்தது, வட்டங்களைக் காட்டியது. லெட்சுமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் தட்டி முடித்தேன். நாற்பத்திநாலு. அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் கோவமாடி? மூஞ்சி அப்படியே இருக்கு."

"கோவந்தான். ஆனா மூஞ்சிய பாத்துச் சொல்லாத, அது எப்பவும் இப்படித்தான் இருக்கும். தெரிஞ்சுக்கணும்னா கிட்ட வந்து கேளு."

கிட்ட வந்து குந்தினாள். பேசுகிற பேச்சிலேயே அவள் கை மண் குவியலுக்குப் போனது, ஒரு கைப்பிடி அள்ளி என் பையில் போட்டது. நான் அந்தப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன்.

"போடாத. ஒக்காந்து பாரு."

மாவுப் பத்துப் போட்டிருந்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை, மற்றக் கை ஆடுகிறது. பாதி மண் வெளியேதான் விழுந்தது. ஒரு பை நிரப்ப, அவள் ஆறு நிரப்பும் நேரம் எடுத்தது. மூன்று பை நிரப்பினேன். அதுவரைக்கும் லெட்சுமி கையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைவிடக் கஷ்டமான வேலையை அவளுக்கு இந்தத் தோட்டம் ஒருநாளும் கொடுத்திருக்காது.